பொருக்கைக் கிள்ளாதே

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டு எமல்டா அக்கா கொடுத்த வேலை. ஊசி வைத்த பிறகு சிவப்பு எத்தனை நாள் இருக்கிறது, வீக்கம் எப்போது வடிகிறது, பொருக்கு எப்போது உதிர்கிறது என்று தினம் இரண்டு வரி எழுதி வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு வரியோடு எனக்கு நிறுத்தத் தெரியாது என்பதை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் முகத்து முடி எடுக்கும் இடம் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடி. சாய்ந்து படுக்க ஒரு நாற்காலி, முகத்துக்கு நேரே ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. தலைமுடியைவிட மெல்லிய ஊசியை மயிர்க்காலில் இறக்கி ஒரு நொடி மின்சாரம் விடுகிறார். வேர் வெந்ததும் முடி வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது. லேசர் கறுப்பு முடியைத்தான் பிடிக்குமாம். எனக்குச் செம்பட்டையும் கலந்து கிடப்பதால் ஊசிதான் வழி. மோவாயில் மட்டும் எத்தனை முடி இருக்கும் என்று கேட்டேன். எண்ணிச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவாய் என்றார்.

நான் இங்கே வந்து படுத்ததற்குக் காரணம் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். டவுனில் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து, இரண்டு கருவிழிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பதும், புதுக் கண்ணாடியை மூக்கில் உட்கார வைத்துக் காது வளைவைச் சரிசெய்வதும் என் பொறுப்பு. ஆக, திருநெல்வேலியில் பாதிப் பேர் புதுக் கண்ணாடி போட்டதும் முதன்முதலில் தெளிவாகப் பார்ப்பது என் முகத்தைத்தான். ஒரு திருநங்கை தேடிப் பிடிக்கக்கூடிய வேலையா இது? போன மாதம் அந்தத் தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "பிரமாதம்மா. காலையில நீ ஷேவ் பண்ணுனதுகூடத் தெரியுது" என்றார். கேலி செய்யவில்லை, மனதாரக் கண்ணாடியைப் பாராட்டினார். எங்கள் முதலாளி அண்ணாச்சி ரசீது எழுதுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

சிவப்பு: நிறைய. வீக்கம்: மேலுதடு மட்டும். வலி: எறும்புப் புற்றில் முகத்தை வைத்தது போல.

ஜூன் 5, வியாழன்

சிவப்பு பாதி குறைந்தது. கற்றாழைச் சாறு தடவினேன். கடைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். யாராவது கேட்டால் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அப்பா போன பிறகு, இரண்டு வருஷமாக அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வரும்போதே இரண்டு கண்ணிலும் புரை. நான் வீட்டைவிட்டுப் போனது பத்தொன்பது வயதில், அரும்பு மீசையோடு. இப்போது முப்பத்திரண்டு. நடுவில் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. இனி பார்க்கலாம் என்று வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பார்வை இல்லை. இன்றைக்கு அவளுக்கு நான் ஒரு சேலை நிறம், ஒரு கொலுசுச் சத்தம், அவ்வளவுதான். பையனைக் கூப்பிடுவது போல 'ஏலே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பெண்ணைக் கூப்பிடும் 'ஏட்டி'க்கு மாற ஏழு மாதம் ஆனது. நான் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் ரசம் ஊற்றும்போது தானாக வந்தது. ரசத்தில் உப்பு தூக்கல். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

புரை நன்றாக முற்றிவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். ஆனித் தேர் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேர்க் கூட்டத்தில் யாராவது கண்ணில் இடித்துவிட்டால் என்ன செய்வது?

என் முகம் முழுதாகச் சுத்தமாக ஒன்றரை வருஷம் ஆகுமாம். வேர்களில் பாதி உறங்குமாம், அவை விழித்து முடி வெளியே வந்த பிறகுதான் ஊசி வைக்க முடியுமாம். ஆனால் பொங்கலுக்குள் பார்க்கும்படி ஆகிவிடும் என்கிறார் எமல்டா அக்கா. அம்மாவின் கண்ணையும் பொங்கல் வாக்கில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஜூன் 9, திங்கள்

பொருக்கு கட்டிவிட்டது. மோவாய் முழுக்கக் கடுகு தாளித்துக் கொட்டிய மாதிரி இருக்கிறது. கிள்ளக் கூடாது, கிள்ளினால் வடு விழும், தானாக உதிரும்வரை கையை மடியில் வைத்துக்கொள் என்பது உத்தரவு. வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கிள்ளிவிட்டேன். ஒன்றே ஒன்று.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது தடவை. ஊசி வைப்பதற்கு முடி இடுக்கியில் பிடிபட வேண்டும் என்பதால், ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் மூன்று நாள் ஷேவ் செய்யக் கூடாது. முகத்தில் முடி வேண்டாம் என்று தவிக்கிறவளை மாதம் இரண்டு தடவை தாடி வளர்க்கச் சொல்கிற வைத்தியம் இது. அந்த மூன்று நாளும் கடையில் மாஸ்க். வீட்டில் அம்மாவிடமிருந்து எட்டி நின்றே பேசுகிறேன். பேசும்போது முகத்தைத் தடவிக்கொண்டே பேசுவது அம்மாவின் வழக்கம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிடுகிறேன்.

எமல்டா அக்கா வேலை செய்யும்போது சர்ச் பாடல்களை முனகுகிறார். உச்சத்துக்குப் போகும்போது ஊசி மேலுதட்டில் இருந்தால் எனக்கும் கண்ணீர் வருகிறது, பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்.

ஜூலை 10, வியாழன்

சிவப்பு இல்லை. பொருக்கு உதிர்ந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல்.

தேர் முடிந்துவிட்டது. கண்ணுக்கு எப்போது போகலாம் என்று அம்மா கேட்டாள். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா என்றேன்.

கடைக்கு இன்று சுத்தமல்லியிலிருந்து ஒரு பெரியம்மா வந்திருந்தார். புரைக்கு ஆபரேஷன் பயமாக இருக்கிறது, கண்ணாடியை மாற்றிப் பார்க்கலாமே என்றார். தள்ளிப்போட்டால் புரை கல்லாக இறுகிவிடும், அப்புறம் டாக்டருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம் என்று பத்து நிமிஷம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். பேசி முடித்துத் திரும்பினால் அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அண்ணாச்சி என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று சந்தோஷமாக எழுதுகிறேன். இடது கன்னத்தில் காது ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஐந்து வாரமாக எதுவும் முளைக்கவில்லை. பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்காமல் படிகிறது. பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன், பக்கத்தில் இருப்பவளுக்கு இடது கன்னம் தெரியும்படி. அவள் வண்ணார்பேட்டை வரைக்கும் போனைத்தான் பார்த்தாள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

வலது கன்னமும் மோவாயும் மேலுதடும் இன்னும் பாக்கி. பொங்கலுக்குள் ஆகிவிடும்.

அக்டோபர் 13, திங்கள்

அண்ணாச்சி கேட்டார், அம்மா கண் என்ன ஆச்சு என்று. தீபாவளி முடியட்டும் அண்ணாச்சி, வீட்டில் வெடிப்புகை என்றேன். எங்கள் வீட்டில் யாரும் வெடி வெடிப்பதில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஒன்று உண்டு. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் முகத்தில் பூசிக்கொண்டு போக வேண்டும். காலையில் பூசிவிட்டுக் குழாயை வாஷ்பேசின் மேலேயே வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து சத்தம்.

"ஏட்டி, என் நாக்கு எங்கன போச்சு?"

பற்பசை என்று நினைத்து அதில் பல் விளக்கியிருக்கிறாள். போனில் எமல்டா அக்காவைப் பிடித்தேன். விழுங்கவில்லையே என்று கேட்டார், நன்றாகக் கொப்பளிக்கச் சொல், உணர்ச்சி திரும்பும்வரை சூடாக எதுவும் கொடுக்காதே என்றார். நாலு சொம்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டு அம்மா வாயைத் திறந்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் ஒழுகியது, அவளுக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைக் கேட்டு அவளும் கோணல் வாயோடு சிரித்தாள். நான் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது சிரிப்பு போய்விட்டது. அந்த இடத்தில் எலி மருந்துக் குழாய் இருந்திருந்தாலும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

மாடியில் படுத்திருக்கும்போது எமல்டா அக்கா கேட்டார், அம்மாவுக்கு இவ்வளவு மங்கல் என்றால் ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை என்று. மழைக்காலம் அக்கா என்றேன்.

"மழை ஆஸ்பத்திரிக்குள்ள பெய்யாது, வடிவு" என்றார். ஊசி மேலுதட்டில் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

நவம்பர் 5, புதன்

வீக்கம்: லேசாக. சிவப்பு: இருக்கிறது.

சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அம்மா விரலால் தடவித் தடவியே தண்டையும் இலையையும் பிரித்துவிடுவாள். திடீரென்று கேட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கேன், நேராச் சொல்லு. உன் மூஞ்சி ஆறுத வரைக்கும் என் கண்ணு அவிஞ்சு கெடக்கணுமா?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்ல வேண்டாமாம். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் காலையில் ரேசர் சத்தம் மூன்று நாள் நிற்கிறது, நான் எட்டி எட்டிப் போகிறேன், நாலாவது நாள் கற்றாழை வாசம் வருகிறது. கண்தான் மங்கல், மண்டை மங்கல் இல்லை என்றாள்.

எழுதிவிடுகிறேன். ஐந்து மாதமாக இந்த நோட்டில் சுற்றி வளைத்துக்கொண்டிருப்பது இதுதான். அம்மா கண் திறந்து பார்க்கும்போது அவளுக்கு ஒரு மகள் தெரிய வேண்டும். சேலை கட்டிய மகன் தெரிந்துவிடக் கூடாது. என்னைப் பார்த்ததும் 'ஏலே' என்று அவள் வாய் பழைய பாதைக்குத் திரும்பிவிட்டால் என்னால் தாங்க முடியாது. அதற்குப் பயந்து பெற்ற தாயை ஐந்து மாதம் இருட்டில் உட்கார வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் கண்ணைப் பற்றிப் புத்தி சொல்கிறவள் நான்.

மன்னித்துக்கொள் என்று சொல்லப் பார்த்தேன். கீரைத் தண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, நாளைக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கொடு என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

அண்ணாச்சியும் அம்மாவும் பேசித் தேதி வாங்கிவிட்டார்கள். 21, வெள்ளிக்கிழமை வலது கண். மறுநாள் கட்டுப் பிரிப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11ஆம் தேதி ஒரு முறை ஊசி வைத்துக்கொண்டால், பொருக்கெல்லாம் உதிர்ந்து 22க்கு முகம் தெளிந்துவிடும். எமல்டா அக்காவும் சரி என்றார். ஒரே மூச்சில் மோவாயையும் வலது கன்னத்தையும் முடிந்த மட்டும் சுத்தம் செய்து தருகிறேன் என்றார். நல்ல வெளிர்ப் பச்சைச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இந்த நாளை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மூன்று நாள் தாடியோடு மாடிக்குப் போனேன். மோவாயின் இடது பாதியை முடித்து, வலது பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை வரைக்கும் வராது. முந்தின நாளே அறிவிப்பு வந்ததாம். எமல்டா அக்கா பேப்பர் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. சரி, இன்னொரு நாள் வரலாம் என்று இறங்கினேன். படியிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர் வெளியூர் போகிறார், 21 முடியாது, இன்று சாயங்காலம் அம்மாவைச் சேர்த்துவிடுங்கள், நாளைக் காலை ஆபரேஷன்.

திரும்பவும் மேலே ஏறி, வலது பக்கத்தை ஷேவ் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். ஊசி பட்ட இடத்தில் இரண்டு நாள் ரேசர் ஆகாது, சீழ் பிடித்தால் நான் பொறுப்பில்லை என்றார். சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆக நிலவரம் இது. இடது பாதி வீங்கிச் சிவந்திருக்கிறது. வலது பாதியில் தாடி, நடுவில் ஆடு மேய்ந்த மாதிரி ஓட்டைகள். கடந்த ஐந்து மாதத்தில் என் முகம் இவ்வளவு கேவலமாக இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. வேறு தேதி கேட்கலாம். போனைக் கையில் எடுத்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 12, புதன்

ஆபரேஷன் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நல்லபடியாக முடிந்தது.

அதற்கு முன்னால் ஒரு நர்ஸ் படிவம் நிரப்பினார். கூட இருப்பவர் என்ன உறவு என்று கேட்டுவிட்டு, மாஸ்க்குக்கு மேலே தெரிந்த என் முகத்தையும் மாஸ்க் ஓரத்தில் தெரிந்த தாடியையும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அம்மா சொன்னாள், "மவ. ஒரே மவ." நர்ஸ் எழுதிக்கொண்டு போனார்.

அம்மா இதுவரைக்கும் பார்க்காமல் சொல்கிறாள். நாளைக்குப் பார்த்துவிடுவாள். காப்பியில் சர்க்கரை இல்லை என்று இப்போது திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 13, வியாழன்

காலை ஏழரைக்குக் கட்டுப் பிரித்தார்கள். நான் ஜன்னலோரம் மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டு நின்றேன்.

அம்மா இரண்டு மூன்று தடவை இமைத்தாள். முதலில் நர்ஸைப் பார்த்தாள். மூக்குத்தி நல்லா இருக்கு, எங்கே எடுத்தது என்று விசாரித்தாள். அப்புறம் ஃபேனைப் பார்த்து, இவ்வளவு தூசியா என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கன ஏம்ட்டி ஒளிஞ்சு நிக்க? அந்தச் சவத்தக் கழட்டிட்டு இங்க வா."

கிட்டப் போய்க் கழற்றினேன். அவள் பார்க்கட்டும் என்று நின்றேனே தவிர, அவளை நான் பார்க்கவில்லை. தரையில் டைல்ஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் சொட்டு மருந்துப் புட்டியில் பெயர் எழுதி முடித்தார். அப்புறம் அம்மாவின் விரல் என் மோவாயில், வீங்கிய பக்கத்தில், படாமல் பட்டது.

"ஏட்டி, வலிக்கா?"

இல்லை என்றேன். பொய் சொல்லாதே என்றாள். அவள் மடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். இப்படிக் குனியக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் சத்தம் போட்டார். குனிந்தது நான்தான், எனக்குக் கண்ணில் ஆபரேஷன் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சிவப்பு: இல்லை. பொருக்கு: உண்டு. ஒன்றையும் கிள்ளவில்லை, கிள்ள நேரமும் இல்லை. அம்மாவுக்குக் கண் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சோதனை போடுகிறாள். பாத்திரத்தின் அடியில் கரி, அலமாரிக்குப் பின்னால் ஒட்டடை. இவ்வளவு நாள் நல்ல பச்சை என்று நினைத்த என் சேலை பாசி நிறமாம். இரண்டு வருஷம் உன்னைச் சுத்தக்காரி என்று நம்பினேனே என்கிறாள்.

பதினொரு மணி வாக்கில் கண்ணாடி முன்னால் நின்றவள் அலறினாள். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மோவாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் தாடி மொளைச்சிருக்கேட்டி. இது எத்தன வருசமா இருக்கு?"

பார்த்தேன். இருந்தது. ஏழெட்டு முடி, வெள்ளையும் கறுப்புமாக. ஒன்று நீண்டு சுருண்டு, நன்றாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பொங்கிவிட்டது. தினமும் எனக்குத் தலை வாரிவிடுகிறாய், பொட்டு வைத்துவிடுகிறாய், கண்ணுக்கு நேரே உட்கார்ந்து சாப்பிடுகிறாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, இந்தக் கோலத்தோடா நான் அந்த நர்ஸிடம் மூக்குத்தி விசாரித்தேன் என்று பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் நாலு இருக்கை தள்ளி நிற்கிறவளின் மேலுதட்டில் முடி இருந்தால் எண்ணிச் சொல்லிவிடுகிற கண் எனக்கு. பதின்மூன்று வருஷமாக எந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலும் முதலில் மோவாயைத்தான் பார்க்கிறேன். அம்மாவின் மோவாயைத் தினமும் இந்தக் கையால் துடைத்திருக்கிறேன், அந்த முடிகள் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

"சத்தியமா நான் பாக்கலம்மா. உன் மொகந்தான் தெரிஞ்சுது" என்றேன்.

அம்மா கண்ணாடியிலிருந்து திரும்பவே இல்லை. சுருண்ட முடியை இழுத்து நீளம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பின்ன, அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் மட்டும் என்னத்தப் பாத்தேன்னு நெனைக்க?"

எமல்டா அக்காவுக்குப் போன் போட்டேன். கண் ஆற ஒரு மாதம் போகட்டும், அப்புறம் அழைத்து வா, வெள்ளை முடியும் ஊசிக்குப் படியும் என்றார். டிசம்பர் மூன்றாம் வாரம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கியிருக்கிறார். யார் முதலில் படுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.